பாலைவனத்தில் பேசிய சம்பந்தம்

காலை ஏழு மணிக்கே அன்னவாசல் கடைவீதியில் வெயில் ஏறிவிட்டிருந்தது. ஆனி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கத்திரி முடிந்ததாகக் காலண்டர் சொன்னாலும் வானத்துக்கு அது தெரிந்ததாக இல்லை. நான் முந்தின இரவு சென்னையில் பஸ் ஏறி, திருச்சியில் இறங்கி, விராலிமலை, இலுப்பூர் வழியாக விடியும் நேரத்தில்தான் வீடு சேர்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் தூங்கியிருப்பேன். பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் மடித்த துண்டுமாகத் தாத்தா நின்றார். அவரும் தூங்கியதாகத் தெரியவில்லை.

நாங்கள் புறப்பட்டது அறந்தாங்கிக்கு. அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டை பதினெட்டு கிலோமீட்டர். அங்கிருந்து அறந்தாங்கி முப்பத்தைந்துக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் ஒரு டீ குடித்தாலும் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். தாத்தா இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பக்கம் போகவில்லை.

தாத்தா என்று நான் சொல்வது அம்மாவைப் பெற்ற ரெங்கசாமியை. நாங்கள் பார்க்கப் போனது அப்பாவைப் பெற்ற சிதம்பரத்தை. அவரை அய்யா என்பேன். இருவருக்கும் எழுபத்தைந்து தாண்டிவிட்டது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அம்மாவும் அப்பாவும் பிரிவதென்று முடிவான பஞ்சாயத்தில்தான் இருவரும் கடைசியாக முகம் பார்த்துக்கொண்டார்கள். அன்று ‘நீதானடா பொண்ணு கேட்ட’ என்று தாத்தா சொன்னார். ‘நீதானடா வலியக் குடுத்த’ என்று அய்யா சொன்னார். அதற்கு மேல் பேச்சில்லை.

நான்கு நாளைக்கு முன்னால் செல்வி அத்தை தாத்தாவுக்குப் போன் செய்திருந்தார். அத்தை அப்பாவின் தங்கை. அய்யாவைக் கவனித்துக்கொள்பவர் அவர்தான். அய்யாவுக்குச் சிறுநீரகம் போய், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. அந்த வாரம் வளைகுடாவில் மறுபடியும் ஏவுகணைகள் பறந்து, விமானங்கள் நின்றுபோயிருந்தன. டிவியில் அதைப் பார்த்ததிலிருந்து அய்யாவின் பேச்சு குழம்பிவிட்டதாம்.

“மாமா, அவரு குவைத்துலேருந்து வந்து பார்டர் கேம்ப்புல கெடக்குறதா நெனைக்கிறாரு. பஸ்ஸு வந்துருச்சா, ரெங்கன் எங்கன்னு கேக்குறாரு. நாங்க என்ன சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாரு. அந்த எடம் எங்களுக்குத் தெரியாதே மாமா. ஒங்களுக்குத்தான் தெரியும்.”

தாத்தா வருவதாகவும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் செய்து, “லீவு கெடைக்குமா? ஒன்னயக் கூட்டிக்கிட்டுப் போனாத் தேவல,” என்றார்.

அம்மா அங்கன்வாடி வேலைக்குக் கிளம்பிக்கொண்டே எங்களுக்கு இட்லி கட்டிக் கொடுத்தார். “போயிட்டு வாங்க. கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. கேக்கலேன்னா சொல்ல வேணாம்.” அவ்வளவுதான் அவர் சொன்னது.

டவுன் பஸ் வந்தது. பெண் என்பதால் எனக்குக் கட்டணமில்லை. தாத்தாவுக்குப் பதினைந்து ரூபாய். ஜன்னலோரம் தைல மரக்காடுகள் ஓடின. அடியில் புல்கூட முளைக்காத செம்மண். கண்மாய்கள் காய்ந்து, நடுவில் ஒரு கை அகலத்துக்குப் பச்சைத் தண்ணீர். தாத்தா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி எதையும் பார்க்காமல் வந்தார்.

எட்டே காலுக்குப் புதுக்கோட்டை. பேருந்து நிலையத்துக்கு வெளியே பலாப்பழங்களைக் குவித்து வைத்து ஓர் அம்மாள் விற்றுக்கொண்டிருந்தார். ஆலங்குடிப் பக்கத்துப் பழம். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவது தாத்தாவுக்குப் பழக்கமில்லை. ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்தார்.

“இது அய்யாவுக்கு ஆகாது தாத்தா,” என்றேன். நான் ஓர் ஆஸ்பத்திரியில் பில்லிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். மருத்துவம் தெரியாது, ஆனால் எந்த நோயாளிக்கு எதை வாங்கி வரக்கூடாது என்று வாசலில் சொல்லிச் சொல்லித் தெரிந்துவிட்டது.

“வாழப்பழம்?”

“அதுவும் ஆகாது.”

“எளநி?”

“கூடவே கூடாது. தண்ணியே அளந்துதான் குடுப்பாங்க.”

தாத்தா பழத்தின் மேலிருந்து கையை எடுத்தார். “தண்ணியுமா,” என்றார். பழக்கார அம்மாள், “கிட்னியாய்யா? எங்க மாமனாருக்கும் அப்படித்தான். ஒண்ணும் வாங்காதீங்க, சும்மா போயிப் பாருங்க,” என்றார். நாங்கள் சும்மாவே அறந்தாங்கி பஸ்ஸில் ஏறினோம். ஆளுக்கு முப்பது ரூபாய்.

என் இரண்டு தாத்தாக்களும் போரில் சண்டை போட்டவர்கள் இல்லை. போர் வந்து சேர்ந்த ஊரில் வேலை பார்த்தவர்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது தாத்தா அங்கே தண்ணீர் லாரி ஓட்டினார். அய்யா ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமைத்தார். புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் என்பதால் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். சில வாரம் அறைக்குள்ளேயே கிடந்தார்கள். இருந்த அரிசியை அய்யா கஞ்சியாகக் காய்ச்சி, எட்டுப் பேருக்கு ஊற்றினார். பிறகு கிடைத்த பஸ்ஸில் பஸ்ரா, பாக்தாத் என்று போய், ஜோர்தான் எல்லையில் இறக்கிவிடப்பட்டார்கள். அங்கே ஒன்றுமில்லை. மண், கூடாரம், ஆயிரக்கணக்கில் ஆட்கள். தலைநகர் அம்மானுக்குப் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தால்தான் விமானம். விமானம் கிடைத்தால் பம்பாய். பத்துப் பன்னிரண்டு நாள் அந்த மண்ணில் கிடந்திருக்கிறார்கள். அய்யாவுக்கு வயிற்றுப்போக்கு கண்டு எழுந்து நடக்க முடியாமல் போனது. தாத்தாதான் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் வரிசையில் நின்று வாங்கி வந்து கொடுத்தார்.

அங்கேதான் சம்பந்தம் பேசினார்கள். தாத்தாவுக்குப் பெண், அய்யாவுக்குப் பையன். விசாரித்ததில் முறையும் சரியாக இருந்தது. இரண்டு வருஷத்தில் கல்யாணம். அதற்கும் இரண்டு வருஷம் கழித்து நான். அந்தக் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மணமக்கள் இல்லை. இரண்டு சம்பந்திகளும் தோளில் கை போட்டு நிற்கும் படம்தான் இருக்கிறது. அப்பாவின் குடியும் கையோங்கும் கோபமும் முதல் வருஷமே தொடங்கிவிட்டதாக அம்மா ஒருமுறை சொன்னார். பதினொரு வருஷம் பொறுத்தார். ‘அந்த மண்ணுல ரெண்டு பேரும் பேசுனத நான் எப்படி முறிக்கிறது’ என்று எண்ணியே பொறுத்ததாகச் சொன்னார்.

பூவரசகுடியில் ஏறிய ஒரு பெண் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் போனை வைத்து மறுபடி மறுபடி ஒரே நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார்.

“எம் மவன் தோகாவுல இருக்கான். நேத்து ராவுலேருந்து எடுக்கல,” என்றார், யாரும் கேட்காமலே. “ஒங்க பக்கம் யாராச்சும் இருக்காங்களா?”

“எங்கப்பா சார்ஜாவுல இருக்காரு,” என்றேன். அப்பாவுக்கும் எனக்கும் பொங்கல் வாழ்த்தைத் தவிர வேறு பேச்சில்லை என்பதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

“பேசிட்டாரா?”

“அத்தைகிட்ட பேசியிருப்பாரு.”

தாத்தா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, “எடுப்பான்மா. எல்லாரும் ஒரே நேரத்துல ஊருக்குப் பேசுனா லைன் கெடைக்காது. சாயந்தரம் அவனே பேசுவான்,” என்றார். “அவனுக்குச் சாப்பாடு எங்க? மெஸ்ஸா, ரூமா?”

“ரூம்ல அவனே செய்யுறான்யா.”

“அப்ப அரிசி வச்சிருப்பான். பயப்படாதீங்க.”

அந்தப் பெண்ணுக்கு அந்தக் கேள்வி எதற்கென்று புரியவில்லை. ஆனாலும் போனைப் பைக்குள் வைத்தார். அழியாநிலை தாண்டும்போது தூங்கிவிட்டார். தாத்தா தாம் அங்கே இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே சொன்னதில்லை. நான் மேலே எழுதியிருப்பதெல்லாம் அம்மாவைப் பெற்ற அம்மாயியிடமும் அம்மாவிடமும் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்தவை.

பத்தரைக்கு அறந்தாங்கி. பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய் கேட்டார்கள். பேரம் பேச எங்கள் இருவருக்குமே தெம்பில்லை. கடைவீதியில் டிராவல்ஸ் கடைகளின் முன்னால் ஆட்கள் கூடி நின்று டிக்கெட் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். “ஒரு வாரமா இதான். போக வேண்டியவனும் போக முடியல, வர வேண்டியவனும் வர முடியல,” என்றார் ஆட்டோக்காரர். “பெருசு எந்த வீட்டுக்கு?”

தாத்தா தெருப்பெயரைச் சொன்னார். வீட்டுக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “நீ முன்னால போ,” என்றார்.

செல்வி அத்தை வாசலுக்கு வந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லாத முகமாக இருந்தது. “வாங்க மாமா. வா கவிதா. நேத்துதான் டயாலிசிஸ் ஆச்சு. ரத்தத்துல உப்பு கொறஞ்சாப் பேச்சு சரியாகும்னு டாக்டரு சொன்னாரு. இன்னும் ஆகல. இப்பத்தான் முழிச்சாரு.”

முன்னறையில் இரும்புக் கட்டிலில் அய்யா ஒருக்களித்துக் கிடந்தார். நான் பார்த்திருந்த அய்யா உயரமும் பருமனுமாக, நூறு பேருக்கு வடிக்கும் அண்டாவைத் தனியாக இறக்குபவர். கட்டிலில் இருந்தது அந்த எலும்பு மட்டும். இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறுபோல் புடைத்திருந்தது. டிவியின் மேல் அத்தை ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தார்.

தாத்தா கட்டிலருகே நின்றார். அய்யா வெகுநேரம் பார்த்தார்.

“ரெங்கா. எங்கடா போன?”

என்ன செய்யப்போகிறார் என்று நான் தாத்தாவைப் பார்த்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

“தண்ணி லாரி வந்துச்சு. வரிசையில நின்னேன்.”

“கெடச்சுச்சா?”

தாத்தா அத்தையைப் பார்த்தார். அத்தை உள்ளே போய், அன்றைய அளவிலிருந்து ஒரு சின்ன டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தார்.

“கெடச்சுச்சு. ரெண்டு மடக்குத்தான் இருக்கு. மெதுவாக் குடி.”

கழுத்துக்கடியில் கை கொடுத்துத் தூக்கி, தாத்தா குடிக்க வைத்தார். முதல் மடக்குக்குப் பிறகு டம்ளரை எடுத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து இரண்டாவதைக் கொடுத்தார். கற்றுக்கொண்டு செய்வதாக இல்லை அது. கைக்குத் தெரிந்த வேலையாக இருந்தது. அத்தை இத்தனை நாளாய் அதே தண்ணீரைக் கொடுத்தும் ‘இன்னும், இன்னும்’ என்று கேட்டவர், அன்று கேட்கவில்லை.

“நம்ம பேரு கூப்புட்டாகளா?”

“இன்னும் இல்ல. கூப்புடுவாக.”

“என்னால எந்திரிக்க முடியாது ரெங்கா. நீ போயிரு. ஊருல சொல்லிரு.”

“சேந்துதான் போறோம். பேசாமக் கெட.”

தாத்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அய்யா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அத்தையும் டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அப்போது அய்யா கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“ஒனக்கு ஒரு பொண்ணு இருக்குன்னியேடா.”

தாத்தா ஸ்டூலைக் கட்டிலுக்கு நெருக்கிப் போட்டார்.

“எம் மவனுக்குக் குடுக்குறியா? முறைதான நமக்கு. குடுக்குறேன்னு சொல்லு. அந்தக் கலியாணத்துக்கு நான் சமைக்கணும்னு நெனச்சுக்கிட்டாவது எந்திரிச்சுருவேன்.”

அத்தை நிலைப்படியில் நின்றுவிட்டார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. பஞ்சாயத்தில் இருவரும் யார் கேட்டது, யார் கொடுத்தது என்று கத்தியது என் காதில் இன்றும் இருக்கிறது. இதோ, கேட்டவர் கேட்கிறார். தாத்தா திரும்பி அத்தையைப் பார்த்து ‘கேட்டுக்கம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அய்யாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லவன்தான் ரெங்கா. கொஞ்சம் கோவக்காரன். ஒரு கலியாணம் ஆனாச் சரியாயிரும்.”

தாத்தா பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“அவளக் கேட்டுட்டுச் சொல்றேன் செதம்பரம்.”

அய்யா கண்ணைத் திறந்தார். அந்தப் பதில் அவர் எதிர்பார்த்ததில்லை போலும். நெற்றியைச் சுருக்கி, அதை நினைத்துப் பார்த்தார். பிறகு, “கேளு. கேட்டுத்தான் செய்யணும்,” என்றார். “அதுவரைக்கும் நான் கெடக்கணுமே.”

“கெட. நான் இங்கிட்டுத்தான் இருக்கேன்.”

அய்யா தாத்தாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினார். அவர் விழிக்கும்வரை தாத்தா அந்தக் கையை எடுக்கவில்லை. அத்தை சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டார். தாத்தா கட்டிலருகிலேயே தட்டை வாங்கி, ஒரு கையால் சாப்பிட்டார். இருபது வருஷம் கழித்து அந்த வீட்டில் அவர் கை நனைத்ததை அத்தையும் நானும் பார்த்தோம்.

பாத்திரம் எடுக்க வந்தபோது அத்தை மெதுவாகச் சொன்னார்: “எங்க வீட்டுல நீங்க வலியக் குடுத்ததாத்தான் சொல்லிச் சொல்லி வளத்தாங்க மாமா.”

“அத விடும்மா,” என்றார் தாத்தா.

ஒன்றரைக்கு அய்யா விழித்தார். இந்த முறை கண் வேறு மாதிரி இருந்தது. முதலில் என்னைப் பார்த்தார். “கவிதாவா? எப்பம்மா வந்த, சாப்ட்டியா?” என்றார். பிறகு பக்கத்தில் பார்த்து, பிடித்திருந்த முழங்கையைச் சட்டென்று விட்டார்.

“சம்பந்தி. நீங்களா. எப்ப வந்தீங்க?”

“இப்பத்தாங்க,” என்றார் தாத்தா. அந்த மரியாதைதான் அவரை அடித்தது என்று நினைக்கிறேன். காலையிலிருந்து ‘டா’ போட்டபோது கலங்காதவர், அப்போது துண்டால் மூக்கைத் துடைத்தார்.

அய்யா கூரையைப் பார்த்தபடி, “மருமக எப்படி இருக்கா?” என்று என்னைக் கேட்டார்.

“நல்லா இருக்காங்க அய்யா.”

“ம்,” என்றார்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். “செவ்வாக்கெழம வாரேன்,” என்று தாத்தா அத்தையிடம் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் வெயில் எங்கள் பக்கமே அடித்தது. ஜன்னல் ஷட்டரை இறக்கினால் அனல், ஏற்றினால் புழுதி. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் வரும்போது தாத்தா தானாகப் பேசினார்.

“கேட்டது அவன்தான். ஆனா அவன் கேக்காட்டியும் நானே சொல்லியிருப்பேன். அன்னைக்கி அவன எந்திரிக்க வைக்க எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. தண்ணியும் இல்ல, மருந்தும் இல்ல. ஊருல ஒரு பொண்ணு இருந்துச்சு. அதச் சொன்னேன்.”

அவர் அன்று சொன்ன வார்த்தையில் ஒருவர் பிழைத்தார். அதே வார்த்தையில் என் அம்மா பதினொரு வருஷம் அடி வாங்கினார். நான் பிறந்ததும் அதில்தான். இதை எந்தப் பக்கம் வைத்துப் பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. களைப்பாக இருந்தது.

ஆறு மணிக்கு அன்னவாசல். அம்மா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். தாத்தா செருப்பைக் கழற்றவில்லை. நேராக அங்கே போய் நின்றார்.

“செதம்பரம் ஒன்னயப் பொண்ணு கேட்டான்.”

அம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். டிவி, கேம்ப், தண்ணீர், கேள்வி, எல்லாம். அம்மா பிழிந்த சேலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“நீங்க என்னப்பா சொன்னீங்க?”

“ஒன்னயக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன்.”

அம்மா சேலையைக் கொடியில் விரித்தார். சுருக்கங்களை ஒவ்வொன்றாக நீவினார்.

“அப்பக் கேட்டிருந்தாலும் நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். பதினெட்டு வயசுல எனக்கு என்ன தெரியும். நீங்க உசுரோட வந்ததே போதும்னு இருந்துச்சு,” என்றார். “ஆனாலும் கேட்டிருக்கலாம்ப்பா.”

“ஆமா,” என்றார் தாத்தா.

அம்மா உள்ளே போய் அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். தாத்தா படியில் உட்கார்ந்து குடித்தார். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மதியம் நான் கிளம்பினேன். தாத்தா பஸ் நிறுத்தம்வரை பையைத் தூக்கி வந்தார். காலையில் அத்தை போன் செய்து, அப்பாவிடம் பேசிவிட்டதாகவும், விமானங்கள் மெல்ல ஓடத் தொடங்கிவிட்டதாகவும் சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் போரில் யாரும் சாகவில்லை. போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். சென்னையில் யாராவது கேட்டால் நான் இப்படித்தான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன், அது பொய்யுமில்லை. இனி அதை மட்டும் சொல்லி நிறுத்த முடியாது.

திருச்சி பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது.

“செவ்வாக்கெழமையும் அவரு பொண்ணு கேட்டா என்ன சொல்லுவீங்க தாத்தா?” என்றேன்.

“வேணாம்னு சொல்லிரவான்னு ஒங்கம்மாகிட்டக் காலையில கேட்டேன். ஒடம்பு முடியாத மனுசன்கிட்ட அப்படிச் சொல்லாதீங்கன்னா,” என்றார். பையை என்னிடம் கொடுத்தார். “பொண்ணு யோசிச்சுச் சொல்றேங்குதுன்னு சொல்லுவேன். யோசிக்கட்டும்.”